மகளுக்கு சொராரிட்டி ரஷ்: கடைசிச் சுற்றில் இரண்டு வீடுகள், எதை முதலில் எழுதுவது?

காவேரிக்கரை | வெள்ளி, இரவு 9.40

மகள் அமெரிக்காவின் தெற்கு மாநிலம் ஒன்றில் பொறியியல் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். வகுப்புகள் அடுத்த வாரம்தான் தொடங்குகின்றன. அதற்குள் சொராரிட்டி ரஷ், அதாவது மாணவியர் சங்கங்களுக்கு ஆள் சேர்க்கும் சுற்றுகள், முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஒவ்வொரு சங்கத்தையும் "வீடு" என்கிறார்கள். நான் கும்பகோணத்தில் பெண்கள் கல்லூரியில் படித்தவள். எங்களுக்குச் சங்கம் என்றால் தமிழ் மன்றமும் நாட்டு நலப்பணித் திட்டமும்தான். இந்த விஷயத்தில் நான் முழுக்க வெளியாள். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

முதல் சுற்றில் எல்லா வீடுகளுக்கும் போனாள். ஆகஸ்டு வெயிலில் கையில் ஒரு குட்டி மின்விசிறி, தண்ணீர் பாட்டில், பையில் மாற்றுச் செருப்பு. ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் இவள் ஒரு பட்டியல் போடுகிறாள், அவர்களும் ஒரு பட்டியல் போடுகிறார்கள். மறுநாள் காலை யார் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரியவருகிறது. இவள் உயிராக நினைத்த இரண்டு வீடுகளும் இரண்டாம் சுற்றுக்குப் பிறகு கைவிட்டுவிட்டன. அன்று அழுத அழுகை தனிக்கதை. இப்போது ஞாயிறு நடக்கும் கடைசி விருப்பச் சுற்றுக்கு இரண்டு அழைப்புகள் மிச்சம்.

ஒன்று, முகப்பில் வெள்ளைத் தூண்கள் வைத்த பெரிய வீடு. கல்லூரியில் பெயர் பெற்றது. பேச்செல்லாம் இனிமைதான், ஆனால் நேர்காணலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது என்கிறாள். மற்றது செங்கல் வீடு. ஆள் குறைவு. மூன்றாம் சுற்றில் இவள் நொண்டுவதை அங்கே ஒரு பெண் கவனித்து, குதிகால் கொப்புளத்துக்குத் தானே பிளாஸ்டர் எடுத்துவந்து ஒட்டிவிட்டிருக்கிறாள். அதிலிருந்து அந்தப் பெண்ணின் புராணம்தான். ஆனால் விடுதித் தோழிகள் செங்கல் வீட்டைக் "கடைசி வரிசை" என்று சொல்லிவிட்டார்களாம். இப்போது தூண் வீட்டை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடலாமா என்று கேட்கிறாள்.

இதற்கு நடுவில், தெற்காசியப் பெண்களுக்கான சொராரிட்டி ஒன்று செப்டம்பரில் ஆள் சேர்க்கிறதாம், அதற்குக் காத்திருக்கலாமா என்றும் ஒரு யோசனை. அவள் அப்பா "எதற்கு இதெல்லாம்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மட்டுறுத்துநர் | வெள்ளி, இரவு 9.55

கல்லூரியின் பெயரோ வீடுகளின் பெயரான கிரேக்க எழுத்துகளோ யாரும் எழுத வேண்டாம். ஊகிக்கவும் வேண்டாம். ரஷ் முடியும்வரை இந்தப் பெண்கள் எழுதுவதையெல்லாம் பலர் தேடிப் படிக்கிறார்கள்.

நள்ளிரவுக்காபி | வெள்ளி, இரவு 10.20

அக்கா, நான் தேசிய பான்ஹெலனிக் மாநாடு என்ற சொராரிட்டிக் கூட்டமைப்பின் 26 சங்கங்களில் ஒன்றில் நான்கு ஆண்டுகள் இருந்தவள். மூன்றாம் ஆண்டில் சேர்க்கைக் குழுவிலும் இருந்தேன். கதவுக்கு உள்பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் அந்த அழுகைக்கு ஒரு விளக்கம். ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை பேரைத் திரும்பக் கூப்பிடலாம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் கொடுத்துவிடுவார்கள். முந்தைய ஆண்டுகளில் அந்த வீடு கூப்பிட்டவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்ற கணக்கிலிருந்து அந்த எண் பிறக்கிறது. எல்லோரும் விரும்பும் வீடு முதல் சுற்றிலேயே நூற்றுக்கணக்கானவர்களை விட்டாக வேண்டும். அவளிடம் குறை இருந்ததால்தான் கைவிட்டார்கள் என்று அவள் நினைக்க வேண்டியதில்லை. அவளிடம் பேசியவள் கொடுத்த மதிப்பெண் நன்றாகவே இருந்திருக்கலாம். எண் நிரம்பியிருக்கும், அவ்வளவுதான்.

இனி முக்கியமான விஷயம். ஞாயிறு இரண்டாவது வீட்டைவிட்டு வெளியே வந்ததும் நேராக ஓர் அறைக்கு அழைத்துப்போவார்கள். அங்கே யாருடனும் பேசாமல், போனைத் தொடாமல், ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். விருப்ப வரிசையை எழுதுவது அதில்தான். கையெழுத்திட்டபின் மாற்ற முடியாது. அவள் எழுதிய வீடு எதுவாக இருந்தாலும், அங்கிருந்து அழைப்பு வந்து வேண்டாம் என்று சொன்னால், அடுத்த ஆண்டு இதேபோல் நடக்கும் முதன்மைச் சேர்க்கை வரை அந்தக் கல்லூரியின் வேறெந்தப் பான்ஹெலனிக் வீட்டிலும் சேர முடியாது. சேர்ந்து தீட்சை பெற்று முழு உறுப்பினராகிவிட்டால் அந்த 26-இல் இன்னொன்றில் வாழ்நாள் முழுக்கச் சேர முடியாது.

பொருத்துவது எப்படி என்றால், நம் ஊர்ப் பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் நிரப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே கல்லூரியும் மாணவரைத் தன் மனம்போல் வரிசைப்படுத்துகிறது. ஒவ்வொரு வீடும் எடுக்கும் புதுப் பெண்களின் எண்ணிக்கைக்கு ஒரே அளவு கோட்டா. தூண் வீட்டின் வரிசையில் இவள் கோட்டாவுக்குக் கீழே இருந்து, இவள் அதை மட்டும் எழுதியிருந்தால், திங்கட்கிழமை கையில் ஒன்றும் இருக்காது. இரண்டையும் எழுதினால், கோட்டா நிரம்பினாலும் கூடுதல் இடம் போட்டு எடுத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் எழுதுபவளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆனால் ஒன்று. செங்கல் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் திங்கட்கிழமை அந்த வாசற்படி ஏறமாட்டாள் என்றால், அதை எழுதவே கூடாது. பாதுகாப்புக்காக எழுதிவிட்டுப் பிறகு மறுத்தால் ஓராண்டு கட்டுண்டு கிடப்பாள். எழுதாமல் விட்டு இடம் கிடைக்காமல் போனால்கூட, ஆள் குறைவாக உள்ள வீடுகள் பிறகு நடத்தும் தொடர் சேர்க்கையில் கலந்துகொள்ளலாம். ஆகவே ஒன்றை மட்டும் எழுதுவது எப்போதும் மடத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். பந்தயத்துக்காக எழுதுவதுதான் மடத்தனம்.

மணிமுத்தாறு | வெள்ளி, இரவு 11.05

காவேரிக்கரை அம்மா, உங்கள் வீட்டுக்காரர் கேட்டதுதான் சரியான கேள்வி. எதற்கு இதெல்லாம்?

நான் சிதம்பரத்துப் பக்கத்துக்காரன். 1996-இல் நாவரசு கொலை நடந்தபோது எங்கள் ஊரே உறைந்துபோய்க் கிடந்தது. அதன் பிறகுதான் 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. மூத்தவர்கள் இளையவர்களைச் "சோதித்து"ச் சேர்த்துக்கொள்ளும் எந்த ஏற்பாட்டையும் என்னால் சிரித்துக்கொண்டு பார்க்க முடியாது. இங்கேயும் 2017-இல் பென்சில்வேனியாவில் ஆண்கள் சங்கம் ஒன்றில் நடந்த ராகிங்கில் திமோதி பியாட்சா என்ற மாணவர் இறந்தார்.

நிறத்தையும் சொல்லிவிடுகிறேன். அலபாமா பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்களுக்கு 1963-இல் கதவு திறந்தது, அதுவும் ஆளுநர் வாசலை மறித்து நின்ற பிறகு. சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 2013 செப்டம்பரில், அந்த மாணவர்களின் பத்திரிகையான தி கிரிம்சன் ஒயிட் ஒரு செய்தி போட்டது. நல்ல மதிப்பெண், நல்ல குடும்பம், எல்லாம் இருந்த ஒரு கறுப்பினப் பெண்ணை வெள்ளையர் சொராரிட்டிகள் எல்லாமே தள்ளிவிட்டன. உள்ளே இருந்த பெண்களே வெளியே வந்து, முன்னாள் உறுப்பினர்களின் நெருக்குதலால்தான் இது நடந்தது என்று சொன்னார்கள். அந்த ஊரில் இன்றும் ரஷ் என்றால் 2,500 பெண்களுக்கு மேல் வரிசையில் நிற்கிறார்கள். 2021-இல் அவர்கள் அணியும் ஆடையைப் பார்க்க உலகமே டிக்டாக்கில் கூடியது. செய்தியை மறந்துவிட்டோம், கவுனை மட்டும் பார்க்கிறோம்.

நள்ளிரவுக்காபி | வெள்ளி, இரவு 11.30

ஐயா, நீங்கள் சொன்ன எதையும் மறுக்கவில்லை. அலபாமா கதையின் மீதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர்வலம் போனார்கள். பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர் சேர்க்கையைத் திரும்பத் திறக்க உத்தரவிட்டார். அந்த ஆண்டே கறுப்பினப் பெண்கள் சிலர் உள்ளே போனார்கள். உள்ளிருந்த பெண்கள் வாய் திறந்ததால்தான் அது நடந்தது.

மரணங்கள் பெரும்பாலும் ஆண்களின் சங்கங்களில் நடந்தவை. அதற்காகப் பெண்கள் பக்கம் புனிதம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போது பெற்றோர் கையில் ஒரு கருவி இருக்கிறது. 2024 டிசம்பரில் ராகிங்குக்கு எதிராக நாடு முழுவதற்குமான சட்டம் கையெழுத்தானது. எந்த அமைப்பு விதியை மீறியது, என்ன நடந்தது, என்ன தண்டனை என்பதைக் கல்லூரிகள் பெயர் சொல்லித் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். காவேரிக்கரை அக்கா, இன்றிரவே அந்தப் பக்கத்தைத் தேடி இரண்டு வீடுகளின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். தோழிகள் சொல்லும் வரிசையைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

அந்த "கடைசி வரிசை" பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெயரில்லாமல் எழுதும் தரவரிசைத் தளங்களில் பாதி எழுத்து, பக்கத்து வீட்டுப் பெண்களும் அவர்களைப் பின்தொடரும் பையன்களும் எழுதுவது. எந்த வீட்டுடன் எந்த ஆண்கள் சங்கம் விருந்து வைக்கிறது என்பதுதான் அதில் அளவுகோல். உங்கள் மகளுக்கு அது தேவையா என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

பிளாஸ்டர் விஷயத்திலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். கொப்புளத்துக்கு பிளாஸ்டர், தலைவலி மாத்திரை, ஹேர்ப்பின், கறை நீக்கும் பேனா எல்லாம் அடங்கிய கூடை எங்கள் வாசலிலேயே இருக்கும். எடுத்துக்கொடுக்கப் பழக்கியும் விடுவார்கள். அந்தப் பெண் உண்மையில் நல்லவளாகவே இருக்கட்டும். அவள் இறுதியாண்டா என்று மட்டும் விசாரிக்கச் சொல்லுங்கள். மே மாதம் பட்டம் வாங்கிப் போய்விடுபவளுக்காக ஒரு வீட்டைத் தேர்ந்தெடுப்பதில் பொருள் இல்லை.

சிவகாசிக்காரர் | சனி, காலை 6.15

இரவெல்லாம் வரலாறு பேசியிருக்கிறீர்கள். பணத்தை யாரும் பேசவில்லை.

என் மூத்த மகள் இதில் இருந்தாள், மூன்று ஆண்டு காசோலை எழுதியவன் நான். அம்மா, முதல் செமஸ்டர்தான் கனமாக இருக்கும். புது உறுப்பினர் கட்டணம், தீட்சைக் கட்டணம், சட்டையில் குத்தும் சின்னத்துக்குத் தனிக்கட்டணம், தேசிய அலுவலகத்துக்கு ஒரு பங்கு, கட்டட நிதிக்கு ஒரு பங்கு. அதன் பிறகு மாதச் சந்தா. வீட்டில் தங்காத முதலாண்டுப் பெண்ணுக்கும் வாரத்துக்கு இத்தனை சாப்பாடு என்று கணக்கு வைத்து வாங்கிவிடுவார்கள். விடுதியில் ஏற்கெனவே சாப்பாட்டுத் திட்டத்துக்குக் கட்டியிருப்பீர்கள். ஆக ஒரே வயிற்றுக்கு இரண்டு மெஸ். அதற்கும் மேலே டிஷர்ட். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு டிஷர்ட். எங்கள் வீட்டில் கார் துடைக்கக்கூட இனி துணி வாங்க வேண்டாம்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரியது இரண்டாமாண்டு தங்கும் விதி. பல வீடுகள் படுக்கைகளை நிரப்பியாக வேண்டும். வீட்டுக் கடன் அப்படி. அதனால் இரண்டாமாண்டில் வீட்டிலேயே தங்குவேன் என்று சேரும்போதே எழுதி வாங்கிவிடுவார்கள். அது குத்தகை ஒப்பந்தம். வேறு அறை பிடித்துவிட்டேன், தோழிகளுடன் ஒத்துப்போகவில்லை என்று பிறகு சொன்னால் பணம் திரும்பாது. நாம் கட்டாமல் விட்டால் வசூல் நிறுவனம் வரைக்கும் போகக்கூடும்.

ஞாயிறு உங்கள் மகள் மூன்று கேள்விகள் கேட்கட்டும். முதலாண்டு மொத்தம் எவ்வளவு, எழுத்தில் தர முடியுமா? இரண்டாமாண்டு தங்குவது கட்டாயமா, விலக்கு யாருக்கு? கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் எவ்வளவு? முகம் சுளிக்கிறார்களா, தாளை எடுத்து நீட்டுகிறார்களா என்று பார்த்தால் போதும்.

நள்ளிரவுக்காபி | சனி, காலை 8.00

சிவகாசி ஐயா சொன்னது அத்தனையும் சரி, கேட்கும் இடம் மட்டும் தவறு. விருப்பச் சுற்றில் பணத்தைப் பற்றிக் கேட்டால் அந்த அறையே திகைத்துவிடும். அங்கே விளக்கை அணைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள். ஆண் நண்பர்கள், மது, அரசியல், மதம், பணம் ஆகிய ஐந்தையும் பேச்சில் எடுக்கக் கூடாது என்று எங்கள் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துதான் அனுப்புவார்கள்.

இன்று சனிக்கிழமையே அவளுடைய ரோ காமாவிடம் கேட்கச் சொல்லுங்கள். இந்தக் குழுவுக்குப் பொறுப்பாக ஒரு மூத்த மாணவி இருப்பாள் இல்லையா, அவள்தான். அவளும் ஏதோ ஒரு வீட்டுக்காரிதான். ஆனால் ரஷ் முடியும்வரை எந்த வீடு என்று சொல்லாமல், தன் வீட்டாரோடு பழகாமல் விலகி நிற்பது வழக்கம். கட்டண விவரத்தைக் கேட்டு வாங்கித் தருவது அவள் வேலை. பல கல்லூரிகளில் பான்ஹெலனிக் குழுவே வீடுவாரியாகக் கட்டணத்தை வெளியிடுகிறது.

தென்றல்22 | சனி, காலை 10.45

காத்திருக்கலாமா என்று அக்கா கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் அந்தப் பக்கத்துக்காரி.

தெற்காசியப் பெண்களின் சொராரிட்டிகள் மூன்று ஒரே ஆண்டில், 1998-இல், வெவ்வேறு இடங்களில் முளைத்தன. ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கப்பா ஃபை காமா, ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க் செயின்ட் ஜான்ஸில் சிக்மா சிக்மா ரோ. இது புதிய வழக்கமும் அல்ல. 1908-இல் ஹவார்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்கள் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். 1909-இல் பார்னார்ட் கல்லூரியில் யூதப் பெண்கள், 1912-இல் மிச்சிகனில் கத்தோலிக்கப் பெண்கள் தங்களுக்கென்று ஒன்றைத் தொடங்கினார்கள். உள்ளே விடாதபோதெல்லாம் யாரோ தனக்கென்று ஒரு வீடு கட்டியிருக்கிறார்கள்.

எங்களுடையது அந்தத் தூண் மாளிகைக் கதை அல்ல. பெரும்பாலும் வீடே கிடையாது. எங்கள் கிளையில் இருந்தவர்களை ஒரே வேனில் ஏற்றிவிடலாம். ரஷ்ஷில் பட்டியல்களைப் பொருத்தும் கணினியும் இல்லை, கோட்டாவும் இல்லை. தகவல் கூட்டங்களுக்குப் போக வேண்டும், முகம் பழக வேண்டும், பிறகு நேர்காணல். சேர்ந்தபின் வரும் புது உறுப்பினர் வாரங்கள் கடினமானவை. வரலாறு மனப்பாடம், குழுவாக நடக்கும் வேலை, தூக்கமின்மை. மணிமுத்தாறு ஐயா கேட்ட கேள்வியை எங்களையும் பார்த்துக் கேளுங்கள், அதில் தவறில்லை.

பலன் என்னவென்றால், பொங்கலுக்கு விடுப்பு எதற்கு என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மேடையில் ஆடுவது முக்கால்வாசி இந்திப் பாட்டுக்குத்தான். தமிழ்ப் பெண் அங்கேயும் சிறுபான்மைதான் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டிலும் ஒரே நேரத்தில் இருக்கப் பெரும்பாலும் விதி இடம் தராது. பான்ஹெலனிக் வீட்டில் தீட்சை நடக்கும்வரை அவளுக்குச் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் எங்கள் பக்கத்துக் கூட்டத்துக்கும் வந்து பார்க்கலாம். ஆனால் ஒளித்துக்கொண்டு வரக் கூடாது, இரு பக்கமும் கோபப்படும்.

பனங்காடு | சனி, நண்பகல் 12.10

கமலா ஹாரிஸை யாரும் சொல்லவில்லையே. அம்மா சியாமளா சென்னையில் பிறந்தவர், தாத்தாவின் ஊர் துளசேந்திரபுரம். கமலா ஹவார்டில் படிக்கும்போது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில்தான் சேர்ந்தார். 2024 ஜூலையில் அந்தச் சங்கத்தின் மாநாடு டாலஸில் நடந்தபோது துணை அதிபராக வந்து பேசினார். மன்னார்குடிப் பக்கத்து வேர் உள்ள பெண் அமெரிக்காவில் கால் ஊன்றியதற்கு அந்தச் சகோதரிகளும் ஒரு காரணம்.

தென்றல்22 | சனி, நண்பகல் 12.40

அண்ணா, அதை இதோடு கலக்காதீர்கள். ஹவார்டு கறுப்பினத்தவரின் பல்கலைக்கழகம், அவர் சேர்ந்தது கறுப்பினப் பெண்களின் மரபு. அங்கே உறுப்பினராவது பட்டம் வாங்குவதோடு முடிவதில்லை. பட்டதாரிகளின் கிளைகள்தான் அதன் முதுகெலும்பு, கல்லூரி முடித்த பிறகுகூடச் சேரலாம். காவேரிக்கரை அக்காவின் மகளுக்கு ஞாயிறு வரப்போவது வேறு ஒன்று.

குறிஞ்சி_இரண்டாமாண்டு | சனி, பிற்பகல் 3.25

அம்மா, நான் போன ஆண்டு ரஷ்ஷில் இருந்தவள். மூன்றாம் சுற்றோடு எல்லா வீடுகளும் என்னை விட்டுவிட்டன. பிறகு தொடர் சேர்க்கையில் ஒரு வீட்டில் சேர்ந்தேன். ஒரு காபி, ஓர் இரவுச் சாப்பாடு, அவ்வளவுதான் சேர்க்கை. மெழுகுவர்த்தி எல்லாம் இல்லை.

உங்கள் மகளிடம் ஒன்று கேளுங்கள். அந்த இரண்டு வீடுகளிலும் அவள் பேச்சை நிறுத்தியபோது என்ன நடந்தது? என்னைப் பேசவிட்டுக் கேட்ட வீடு ஒன்று இருந்தது. நான் வாய் மூடினால் உடனே அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருந்த வீடு ஒன்று இருந்தது. நான்கு நிமிடத்துக்கு ஒருத்தியாக ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அதில் பெரிதாக எதுவும் தெரியாது என்பது உண்மை. ஆனால் இது தெரியும்.

இறைச்சி சாப்பிடமாட்டாள் என்றால் சமையல்காரரைப் பற்றியும் கேட்கச் சொல்லுங்கள். "சைவம் உண்டு" என்பார்கள். வாரம் ஐந்து நாளும் சீஸும் கீரை இலையும் வைப்பதையும் சைவம் என்றுதான் சொல்வார்கள்.

காவேரிக்கரை | சனி, இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. நள்ளிரவுக்காபி சொன்ன பக்கத்தைத் தேடினேன். இரண்டு வீடுகளின் பெயரும் அதில் இல்லை. ஆண்கள் சங்கங்கள் சில இருக்கின்றன, படித்துவிட்டு வயிறு கலங்கியது. மணிமுத்தாறு ஐயாவை நினைத்துக்கொண்டேன்.

ரோ காமாவிடம் கேட்டாள். செங்கல் வீட்டின் கட்டணத்தாள் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. ஒரே பக்கம், மாதவாரியாக, அபராதம் உட்பட. இரண்டாமாண்டு தங்குவது விருப்பம்தான், வீட்டில் இருப்பதே சில படுக்கைகள். தூண் வீட்டிலிருந்து "சேர்ந்தபின் விளக்கக் கூட்டத்தில் எல்லாம் சொல்லப்படும்" என்று பதில். இரண்டாமாண்டில் தங்குவது கட்டாயம் என்பது மட்டும் தெரிந்தது. அந்தத் தெரு பொறியியல் கட்டடங்களிலிருந்து நேர் எதிர்க்கோடியில் இருக்கிறது.

பிளாஸ்டர் ஒட்டிய பெண் இறுதியாண்டாம். நள்ளிரவுக்காபி, உங்கள் வாயில் சர்க்கரை போட வேண்டுமா உப்புப் போட வேண்டுமா தெரியவில்லை.

அவளுக்கு நான் எதையும் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் எழுதினால் என்ன ஆகும், இரண்டை எழுதினால் என்ன ஆகும் என்பதை மட்டும் இரண்டு முறை சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டேன்.

மணிமுத்தாறு | சனி, இரவு 9.30

தாளை நீட்டிய வீட்டை மதிக்கிறேன். என் கருத்தில் மாற்றமில்லை.

காவேரிக்கரை | திங்கள், இரவு 10.15

செங்கல் வீட்டை முதலில் எழுதினாள், தூண் வீட்டை இரண்டாவதாக. செங்கல் வீடே கிடைத்தது.

விருப்பச் சுற்றைப் பற்றி அவள் சொன்னதைச் சொல்கிறேன், உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரும். தூண் வீட்டில் எல்லோரும் கறுப்பு உடையில் படிக்கட்டு முழுக்க நின்று பாடினார்களாம். இவளுக்கென்று ஒதுக்கிய பெண் கண்ணீரோடு ஒரு கடிதம் படித்தாளாம். அழகான கடிதம். பக்கத்து நாற்காலியிலும் இன்னொரு பெண் இன்னொருத்திக்குக் கடிதம் படித்திருக்கிறாள், அதிலும் பாதி வரிகள் அதேதான். இவளுக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் காது நீண்டுவிட்டது. செங்கல் வீட்டில் கடிதம் இல்லை. ஒரு மூன்றாமாண்டுப் பெண் உட்கார்ந்து, வெப்ப இயக்கவியல் தேர்வில் தான் தேறாமல் போனதையும், அந்த வாரம் யார் யார் தன்னோடு நூலகத்தில் உட்கார்ந்தார்கள் என்பதையும் சொல்லியிருக்கிறாள். அவளும் பொறியியல். இன்னும் இரண்டு ஆண்டுகள் இருப்பாள், கேட்டுக்கொண்டேன்.

நேற்று இரவு முழுக்க வீட்டுப் பெண்களும் இவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது என்ற விதி. இன்று மாலை உறையைப் பிரித்து, எல்லோரும் கத்திக்கொண்டு தெருவில் ஓடினார்கள். காணொளி அனுப்பினாள். அவள் அப்பா அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார், ஒன்றும் சொல்லவில்லை.

தெற்காசியச் சொராரிட்டியின் தகவல் கூட்டத்துக்குப் போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. போனால் செங்கல் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

இப்போது புதுச் சிக்கல். வீட்டின் வாராந்தரக் கூட்டம் திங்கள் மாலை 6 மணிக்கு. அவளுடைய வேதியியல் ஆய்வக வகுப்பு திங்கள் 5 முதல் 8 வரை. கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் என்று அந்தத் தாளிலேயே இருக்கிறது. வகுப்பை மாற்ற இடமில்லை.

சிவகாசிக்காரர் | திங்கள், இரவு 10.40

அதைத்தான் மூன்றாவது கேள்வியாக வைத்தேன். தாளில் "கல்விக் காரணம்" என்று விலக்கு எழுதியிருக்கிறதா பாருங்கள். இருக்கும்.

நள்ளிரவுக்காபி | திங்கள், இரவு 11.00

கட்டாயம் இருக்கும் அக்கா. வகுப்பு மோதினால் விலக்கு கேட்கும் படிவம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வாரமும் அனுப்பாமல், செமஸ்டர் முழுமைக்கும் ஒரே தடவையில் வகுப்பு அட்டவணையோடு சேர்த்துக் கொடுக்கலாம். முதல் கூட்டத்துக்கு முன்பே கொடுத்துவிடச் சொல்லுங்கள், பின்தேதியிட்டு ஏற்கமாட்டார்கள். செயலாளரிடம் கொடுக்க வேண்டும், தலைவியிடம் அல்ல. ஆய்வகம் முடிந்து வரும்போது சாப்பாடு தீர்ந்திருக்கும், தட்டு எடுத்துவைக்கச் சொல்லி சமையலறைப் பலகையில் பெயர் எழுத வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் சைவம் என்றும் எழுதச் சொல்லுங்கள்.